குட்டிச்சுறா தொல்லை தாங்கவில்லை, எந்த ரிக் கட்டலாம்?

ஈரமணல்

வணக்கம் நண்பர்களே, ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவம் வேண்டும். கரையிலிருந்து வீசுகிறேன், பெரும்பாலும் இரவில். மணல் தரை, இடையிடையே பாறை. என் குறி கலவாவும் கொடுவாவும்தான். ஆனால் கடைசி நான்கு இரவாக ராடு ஆடினாலே குட்டிச்சுறாதான். இரண்டடி இருக்கும், சில அதற்கும் குறைவு. பழுப்பு உடம்பு, மங்கலான பட்டை, வாலோடு சேர்த்துக் கையைச் சுற்றிக்கொள்ளப் பார்க்கிறது. நேற்று மட்டும் ஒன்பது வந்தன.

என் ரிக் (தூண்டில் நரம்பு, ஈயம், முள் சேர்த்துக் கட்டும் அமைப்பு) ஓடுகிற ஈயம். அதாவது முதன்மை நரம்பில் ஈயம் தாராளமாக ஓடும், கீழே ஒரு மணி, ஸ்விவல் என்கிற சுழல் இணைப்பு, பிறகு முள்வரை போகிற ஒரு மீட்டர் லீடர் நரம்பு, நுனியில் 2/0 அளவு ஜே (J) வடிவ முள். இரை மத்தித் துண்டு, சில நாள் கணவாய்.

வராத மீனுக்காகக் காத்திருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. நேற்று வந்த ஒன்பதில் நான்கு, முள்ளைத் தொண்டைக்கு உள்ளே விழுங்கியிருந்தன. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குறடால் துழாவி எடுத்துத்தான் விட்டேன். இரண்டு நீந்திப் போன விதம் சரியில்லை. வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. இவை வராமல் இருக்க எந்த ரிக் கட்ட வேண்டும்?

பாறைமுனை

தம்பி, நேராகச் சொல்லிவிடுகிறேன், சுறா வராத ரிக் என்று ஒன்று கிடையாது. வருவதையும் வராததையும் இரை, இடம், நேரம் மூன்றும் பார்த்துக்கொள்ளும். ஆனால் வந்தது உதட்டில் முள்ளோடு வருகிறதா, குடலில் முள்ளோடு வருகிறதா என்பதில் ரிக்குக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஓடுகிற ஈயம் எதற்காக வந்தது? சந்தேகப்படுகிற மீன் இரையை எடுக்கும்போது ஈயத்தின் கனம் தெரியக்கூடாது என்பதற்காக. குட்டிச்சுறாவுக்குச் சந்தேகமே கிடையாது. அது இரையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும், நரம்பு இழுபடாது, ராடு நுனியில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மீட்டர் லீடர் வேறு தளர்வாகக் கிடக்கிறது. ராடு நன்றாக வளைந்து நீங்கள் எழுந்து போகும்போது முள் எப்போதோ உள்ளே போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர் நிலையான ஈயம். ஈயம் அடியில் கட்டப்பட்டிருக்கும், முள் அதற்கு மேலே ஒரு சின்ன கிளை நரம்பில் தொங்கும். பேட்டர்னாஸ்டர் என்கிறார்களே அதுதான். கிளை 25, 30 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். மீன் இரையோடு தலையைத் திருப்பினால் உடனே ஈயத்தின் கனம் எதிர்த்து இழுக்கும், முள் வாயோரத்தில் ஏறிவிடும், அந்த நொடியே ராடும் ஆடும். இதில் மணலைக் கவ்விப் பிடிக்கிற கம்பிக்கால் ஈயம் போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்த ஜே முள்ளைத் தூக்கி வையுங்கள். வட்ட முள்ளுக்கு மாறுங்கள்.

தங்கூசி

பாறைமுனை அண்ணா சொன்னது சரி, ஆனால் சுறாவே வராமல் இருக்கவும் ஒரு வழி இருக்கிறது. நான் படகிலிருந்து பிடிக்கிறவன். இந்தச் சின்னச் சுறாக்கள் எல்லாம் தரையோடு தரையாக ஊர்கிறவை. எங்கள் பக்கம் நாங்கள் ஈயத்திலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே கிளையைக் கட்டிவிடுவோம். அதே இடத்தில் இரண்டு பேர், ஒருவர் தரையில் போட்டால் சுறாவாக வரும், மேலே தூக்கிக் கட்டியவருக்கு வேறு மீன் வரும். ஈரமணல், நீங்களும் கிளையை ஒரு மீட்டர் மேலே ஏற்றிக் கட்டிப் பாருங்கள்.

நீளவீச்சு

தங்கூசி சொல்வது படகுக்கு முழுக்க உண்மை, கரைக்குப் பொருந்தாது. இந்தத் தவறை நானும் பல வருடம் செய்தேன், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

படகில் நரம்பு நேர்குத்தாக இறங்குகிறது. ஈயத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே கட்டினால் முள் தரைக்கு ஒரு மீட்டர் மேலே நிற்கும். கரையிலிருந்து 100 மீட்டர் வீசுகிறீர்கள் என்று வையுங்கள். ராடு நுனி தண்ணீர் மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே, ஈயம் கிடக்கிற இடத்தில் ஆழம் 3 மீட்டர். ஆக 100 மீட்டர் தூரத்துக்கு 7 மீட்டர் உயரம். நரம்பு கம்பி மாதிரி விறைப்பாக நின்றால்கூட, ஈயத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கட்டிய முள் தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். 30 சென்டிமீட்டர் கிளையில் தொங்குகிற இரை அப்போதே மணலில் கிடக்கிறது. நீரோட்டத்தில் நரம்பு வளைந்து தொய்கிறதையும் சேர்த்தால் அந்த 7 சென்டிமீட்டரும் போச்சு.

கரையிலிருந்து இரையைத் தரையைவிட்டுத் தூக்க இரண்டே வழி. முள்ளுக்கு அருகில் மிதக்கிற நுரைமணி கோர்ப்பது ஒன்று. அது கிளையின் நீளத்துக்கு இரையைத் தூக்கும், நண்டு அரிப்பதைக் குறைக்கும், ஆனால் ஒரு சாண் உயரம் சுறாவுக்குத் தடையே இல்லை, அது மூக்கைத் தூக்கி எடுத்துக்கொள்ளும். இன்னொன்று மிதவை. தக்கைக்கு மேலே நரம்பில் நிறுத்து முடிச்சு போட்டு, தரைக்கு ஒரு மீட்டருக்கு மேலே இரை நிற்கிற மாதிரி ஆழத்தைச் சரிசெய்துகொண்டால்தான் உண்மையில் இரை தரையைவிட்டு விலகி நிற்கிறது. அதற்குக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பாறை மாதிரி, பக்கத்திலேயே ஆழம் இருக்கிற இடம் வேண்டும்.

தங்கூசி

இந்தக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. படகிலேயே பிடித்துப் பழகியதால் வந்த பார்வை. நன்றி நீளவீச்சு. கரைக்காரர்கள் என் யோசனையை விட்டுவிடலாம்.

ஓதம்

ஈரமணல், உங்கள் வர்ணனையைப் பார்த்தால் மூங்கில் சுறா மாதிரி இருக்கிறது. படம் இருந்தால் போடுங்கள், இரண்டு முதுகுத் துடுப்பும் ஏறக்குறைய ஒரே அளவில், உடம்பின் பின்பாதியில் இருக்கும், வால் நீளமாக மெலிந்து போகும். பால்சுறாக் குட்டியாக இருந்தால் உருவமே வேறு, முன்துடுப்பு பெரியது, இரண்டாவது சின்னது, வால் மேல்மடல் நிமிர்ந்து நிற்கும். எது என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இரண்டின் பழக்கமும் வேறு, கையாளும் விதமும் வேறு.

மூங்கில் சுறா என்றால் நீங்கள் பிடிக்கிற நேரமும் இடமும் அதன் சமையலறையேதான். பகலில் பாறை இடுக்கிலும் பவளச் சந்திலும் கிடக்கும், இருட்டியதும் வெளியே வந்து மணல் ஓரமாக மேயும். அது கடித்து எடுப்பதைவிட உறிஞ்சி எடுக்கிற வகை. வாய்க்குள்ளே சட்டென்று வெற்றிடம் உண்டாக்கி, இரையைத் தண்ணீரோடு உள்ளே இழுத்துவிடும். உங்கள் முள் அவ்வளவு ஆழமாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். துண்டு இரை, தளர்ந்த லீடர், உறிஞ்சுகிற வாய், மூன்றும் சேர்ந்தால் தொண்டைதான்.

இரையைப் பற்றியும் ஒன்று. மத்தி எண்ணெய் மீன். அதை வெட்டிப்போட்டால் நீரோட்டத்தோடு வாசனை நீண்ட கோடாகப் போகும், கீழ்ப்பக்கம் எங்கிருந்தாலும் சுறா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏறி வரும். நீங்கள் ஒரே இடத்தில் நான்கு மணி நேரம் மத்தித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டால் அந்தப் பகுதிச் சுறாவுக்கெல்லாம் விருந்து அழைப்பு வைத்த மாதிரி.

ஈரமணல்

அக்கா, படம் சேர்த்திருக்கிறேன், நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு துடுப்பும் ஒரே அளவு. மூங்கில் சுறாதான்.

அப்படியென்றால் மத்தியை விட்டு நண்டோ இறாலோ போட்டால் குறையுமா? இன்னொன்று, முள்ளுக்கு மேலே சின்னக் காந்தம் கட்டினால் சுறா ஒதுங்கிப்போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

ஓதம்

நண்டு, இறால், புழு, கணவாய் எல்லாமே மூங்கில் சுறாவின் அன்றாடச் சாப்பாடு. அதனால் முழுக்க நிற்காது. வாசனை பரவுகிற தூரம் குறையும், அதனால் எண்ணிக்கை குறையலாம். வேறு கடல்களில் வேறு கதை, ஸ்மூத்ஹவுண்ட் என்கிற சின்னச் சுறாவின் பல் தட்டையாக, ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தது, அது நண்டைத் தேடியே வரும். அங்கே போய் நண்டுக்கு மாறினால் தொல்லை கூடும். எந்தச் சுறா என்று பார்க்காமல் இரையை மாற்றுவதில் அர்த்தமில்லை.

காந்தத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளும், எனக்குப் பிடித்த விஷயம்.

சுறாவின் மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கூழ் நிறைந்த குழாய்கள். 1678இல் ஸ்டெஃபானோ லொரென்சினி என்ற இத்தாலியர் அவற்றை விவரித்து எழுதினார், அதனால் லொரென்சினி குமிழ்கள் என்று பெயர். என்ன வேலை செய்கின்றன என்று புரிய முந்நூறு வருடம் போல ஆனது. 1971இல் கால்மைன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது நம்மைப் போன்றவர்கள் தினமும் சபிக்கிற அதே ரகம், புள்ளிப் பூனைச்சுறா. தட்டைமீன் ஒன்றை மணலுக்குள் மறைத்தார், சுறா கண்டுபிடித்தது. மீனை அகார் கூழால் ஆன அறைக்குள் வைத்து, வாசனை வேறு பக்கம் வெளியேறும்படி செய்தார், அப்போதும் சுறா மீன் இருந்த இடத்துக்கே நேராக வந்தது. அந்த அகார் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மீனின் உடம்பிலிருந்து வருகிற மெல்லிய மின்புலத்தை மறைத்ததும் சுறாவுக்குத் தெரியவில்லை. பிறகு மீனே இல்லாமல் வெறும் மின்முனைகளை மணலில் புதைத்து மீனின் அளவுக்கு மின்சாரம் கொடுத்தார், சுறா அதைத் தோண்டிக் கடித்தது.

ஆகவே தூரத்திலிருந்து வாசனை, கடைசிச் சில சென்டிமீட்டருக்கு மின்சாரம். காந்தமும் சில அருமண் உலோகங்களும் அந்தக் கடைசிக் கட்டத்தைக் குழப்பும் என்பதுதான் யோசனை. ஸ்பைனி டாக்ஃபிஷ் என்கிற சின்னச் சுறாவை வைத்து உலோகத் துண்டுகளைச் சோதித்தபோது ஒரு ஆய்வில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை. அதனால் முள்மேல் காந்தம் கட்டி நிம்மதியாக உட்கார முடியாது. வேறு ஒரு கருவி இருக்கிறது, முள்ளுக்குப் பக்கத்தில் பேட்டரியால் மின்துடிப்பு வெளியிடுகிற மாதிரி. அதை ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகப் பல முள் கட்டியது) சூரை பிடிக்கிற படகுகளில் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள், நீலச்சுறா சிக்குவது சுமார் 91 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அது ஆயிரங்கால் தூண்டிலுக்கான கருவி, நம் ராடில் கட்டி 100 மீட்டர் வீசுகிற சமாச்சாரம் இல்லை.

கருவாளை

எல்லாரும் இவ்வளவு கவலைப்படுவது எதற்கு? கம்பி லீடர் போடாதீர்கள், சாதா நைலான் போடுங்கள், சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், உங்களுக்கும் வேலை மிச்சம். பெரிய படகுகளிலேயே சுறா குறைய அதைத்தானே செய்கிறார்கள்.

பாறைமுனை

கருவாளை, பெரிய சுறாவுக்கு அது சரி. அவற்றின் பல் வெட்டுகிற பல். மூங்கில் சுறா, பூனைச்சுறா எல்லாம் சின்னஞ்சிறு பல், பிடித்துக்கொள்ளத்தான் உதவும், 30 பவுண்டு இழுப்பு தாங்கும் நைலானை அறுக்காது. அறுபடவேண்டும் என்று 10 பவுண்டு போட்டால் நல்ல கலவா வந்தால் பாறையில் உரசி அதுவும் போகும். இதற்கெல்லாம் மேலே, அறுத்துக்கொண்டு போவது என்றால் முள்ளையும் வாயில் சுமந்துகொண்டு போவது. தொண்டையில் முள் என்று வருத்தப்பட்டு வந்தவரிடம் அதைத் தீர்வாகச் சொல்ல முடியாது.

கருவாளை

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான் மனதில் வைத்தது பெரிய சுறாவை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இத்தனை வரும் இடத்தில் நாலு செத்தால் என்ன குறைந்துவிடும்? கொத்துக் கொத்தாக இருக்கிறதே.

ஓதம்

கொத்துக் கொத்தாக இருப்பதுதான் ஏமாற்றுகிற விஷயம். பல சின்னச் சுறாக்கள் ஒரே அளவு, ஒரே பால் என்று கூட்டம் சேர்கிறவை. ஒரு இரவில் ஒன்பது வந்தால் கடல் முழுக்க அப்படி என்று தோன்றும், உண்மையில் அந்தக் கூட்டம் அந்த மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான். மத்தி மாதிரி லட்சக்கணக்கில் முட்டையிடுகிற இனம் கிடையாது இது. மூங்கில் சுறா தோல்பை மாதிரி இருக்கிற முட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இடும், குஞ்சு வெளியே வர மாதக்கணக்காகும். மேலே சொன்ன ஸ்பைனி டாக்ஃபிஷ் குட்டி போடும் இனம், 18 முதல் 24 மாதம் வயிற்றில் சுமக்கிறது. ஒரு காலத்தில் குப்பை என்று தூக்கிப்போட்ட மீன், இன்று அழியக்கூடிய இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. நாலு செத்தால் என்ன என்று நாலு நாலாகப் போனதுதான் அதுவும்.

பாறைமுனை

இதில் நானும் ஒன்று சொல்லவேண்டும், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஒருமுறை பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், வந்த ஒவ்வொரு குட்டிச்சுறாவையும் பாறையில் ஓங்கி அடித்து மேலே மணலில் எறிந்துகொண்டே இருந்தார். சாப்பிடவும் இல்லை, விற்கவும் இல்லை, இரையைத் தின்றுவிட்டதாம். விடியும்போது பதினொன்று காய்ந்து கிடந்தன. நான் இரவே வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. அதிலிருந்து யார் அப்படிச் செய்தாலும் எழுந்து போய்ப் பேசிவிடுகிறேன். பெரும்பாலும் கேட்கிறார்கள், முள்ளை எடுக்கத் தெரியாத பயத்தில்தான் பலர் கொல்கிறார்கள்.

ஈரமணல்

அண்ணா, அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. கையில் சுற்றிக்கொண்டு தோலை உராய்ந்துவிடுகிறது, உப்புக்காகிதம் தேய்த்த மாதிரி சிவந்துபோகிறது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஓதம்

அந்த உராய்வு அதன் தோலில் இருக்கிற நுண்ணிய பல் போன்ற செதில்களால் வருவது. எல்லாம் வாலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, மறுபக்கம் அரம்.

சின்னச் சுறாவுக்கு ஒரு கை தலைக்குப் பின்னால், செவுள் பிளவுகளை அழுத்தாமல். மறு கை வால் அடியில். முழு உடம்புக்கும் கீழே ஆதாரம் இருக்க வேண்டும். ஒரு கை மட்டும் மிச்சம் என்றால், வாலை மெதுவாக வளைத்துத் தலைப்பக்கம் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்து ஒரே பிடியில் பிடிப்பார்கள், அப்போது அது கையைச் சுற்ற முடியாது. அழுத்தி மடக்கக்கூடாது. வாலைப் பிடித்துத் தொங்கவிடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சுறாவுக்கு விலா எலும்புக்கூடு கிடையாது, உள்ளுறுப்புகளைத் தண்ணீர்தான் தாங்குகிறது, தலைகீழாகத் தொங்கினால் எல்லாம் முன்பக்கம் சரிந்து இழுபடும்.

மல்லாத்தினால் பல சுறாக்கள் மயங்கின மாதிரி அசையாமல் கிடக்கும். முள் எடுக்க வசதிதான், ஆனால் சில நொடி வேலைக்கு மட்டும். படம் எடுப்பதற்காக மல்லாத்தி வைத்திருக்காதீர்கள்.

பால்சுறாக் குட்டி என்றால் அவசரம் இன்னும் அதிகம். மூங்கில் சுறா தரையில் அசையாமல் கிடந்தே செவுளுக்குத் தண்ணீர் இறைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் குறைந்த பாறைக்குட்டையிலும் தாங்கும். பால்சுறா ஓடுகிற இனம், கரையில் அதற்குப் பொறுமையே கிடையாது. முடிந்தால் தண்ணீரிலேயே வைத்து எடுங்கள். முதுகுத் துடுப்புக்கு முன்னால் முள் இருக்கிற ஸ்பைனி டாக்ஃபிஷ் வகை என்றால் கை ஜாக்கிரதை, அந்த முள்ளில் லேசான விஷம் உண்டு.

முள் தெரிகிற இடத்தில் இருந்தால் நீண்ட மூக்குக் குறடு போதும். தொண்டைக்குள் போய்விட்டால் துழாவ வேண்டாம், நரம்பை முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே வெட்டிவிடுங்கள். துழாவினால்தான் கிழியும். இதனால்தான் துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்கிறோம், சாதாரண கார்பன் எஃகு முள் காலப்போக்கில் துருவேறி உதிரும்.

பாறைமுனை

அதோடு, முள் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் மீன் போகாது, எடுப்பது பத்தில் ஒரு பங்கு வேலை.

வட்ட முள் பற்றி முன்னால் பாதியில் விட்டேன். அதன் முனை தண்டைப் பார்த்து உள்ளே திரும்பியிருக்கும். மீன் விழுங்கினாலும் நரம்பு இறுகும்போது தொண்டையில் குத்தாமல் நழுவி வந்து, தாடை ஓரத்தில் திரும்பும்போது ஏறும். ஆனால் மூன்று விஷயம் தவறினால் அது வேலை செய்யாது. ராடைச் சுண்டி அடிக்கக்கூடாது, ரீலைச் சுற்றி நரம்பை இறுக்கினால் போதும். எனக்கு அந்தக் கைப்பழக்கம் போக ஒரு பருவமே ஆனது. இரண்டாவது, இரை முள்ளின் வாயை அடைக்கக்கூடாது, முனை வெளியே தெரிய வேண்டும், அதனால் பெரிய துண்டைத் திணிக்காமல் ஓரத்தில் ஒரு குத்து மட்டும். மூன்றாவது, முனை பக்கவாட்டில் சாய்ந்த ரகம் வாங்காதீர்கள், மேசையில் படுக்கவைத்தால் தட்டையாகப் படுக்கிற ரகம் வேண்டும். சாய்ந்த ரகம் ஆழமாகக் குத்துவது அதிகம்.

எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் 4/0 இன்னொன்றின் 2/0 அளவுக்கு இருக்கும். முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

நீளவீச்சு

பாறை கலந்த தரை என்று சொன்னதால் இன்னொரு ரிக்கையும் சொல்லிவைக்கிறேன். கப்பி ரிக். ஒரே நரம்பின் ஒரு முனையில் ஈயம், மறு முனையில் முள், நடுவில் அது ஒரு வளையத்தின் வழியாக ஓடும், அந்த வளையம் முதன்மை நரம்பில் கட்டியிருக்கும். மீன் மாட்டி முள்பக்கம் இழுபட்டால் ஈயம் மேலே ஏறி வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் மீனுக்குப் பின்னால் ஈயம் பாறையில் மாட்டி இழுத்துக்கொண்டு வராது. மீன் ஈயத்தையே தூக்க வேண்டியிருப்பதால் கனமும் உடனே தெரியும். பாறையில் பேட்டர்னாஸ்டரை இழப்பதைவிட இது மேல்.

ஈயம் அடிக்கடி மாட்டினால் ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுவார்கள், அது அறுந்து மீனும் ரிக்கும் மிஞ்சும். அந்த மெல்லிய நரம்பின்மேல் வீசும் பளு விழவே கூடாது. வீசும்போது ஈயத்தைத் தாங்கி, தண்ணீரில் விழுந்ததும் விடுவிக்கிற கிளிப் கட்டாயம். வீச்சின் நடுவில் அறுந்த ஈயம் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதே காரணத்துக்காக, வீசும்போது வரும் திடீர் இழுப்பைத் தாங்குகிற தடித்த லீடரும் முன்னால் போடுங்கள், 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. 150 கிராம் வீசினால் 50 பவுண்டுக்கு மேல்.

ஈரமணல்

மூன்று இரவு போய்வந்தேன், அதைச் சொல்ல வந்தேன்.

முதல் இரவு எதையும் மாற்றாமல் ரிக்கை மட்டும் மாற்றினேன். நிலையான ஈயம், 25 சென்டிமீட்டர் கிளை, தட்டையான வட்ட முள், எதிர்முள் நசுக்கியது, இரை அதே மத்தி. சுறா ஏழு வந்தது, குறையவே இல்லை. ஆனால் ஏழும் வாயோரத்தில். ஒன்றுக்குக்கூடக் குறடு உள்ளே போகவில்லை. ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்குள் தண்ணீரில் இருந்தது. பாறைமுனை அண்ணா முதல் பதிலில் சொன்னது அப்படியே நடந்தது.

இரண்டாம் இரவு இரையை மாற்றினேன். சின்ன இறால், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புதியது, கொத்து இல்லையென்றால் முப்பது அடி தள்ளி வீச்சு. சுறா மூன்று. ஒரு சின்னக் கலவா, விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி போகாமல், விடிவதற்குச் சற்று முன் போய் வெயில் ஏறும்வரை இருந்தேன். பாறை முனையில் ஆழம் இருக்கிற பக்கம், மிதவை, உயிர் இறால், தரைக்கு ஒரு மீட்டருக்கு மேல். சுறா ஒன்றும் இல்லை. கொடுவா ஒன்று வந்தது, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட.

நீளவீச்சு

நல்ல செய்தி. ஆனால் மூன்று இரவை வைத்து முடிவு கட்டாதீர்கள், நிலவு, நீரோட்டம், தண்ணீர்க் கலங்கல் எல்லாம் நாளுக்கு நாள் மாறும். இரண்டு ராடு எடுத்துப் போய் ஒன்றில் மிதவை, ஒன்றில் தரை ஈயம் என்று ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் எது மிதவையால், எது நேரத்தால் என்று பிரித்துத் தெரியும்.

கருவாளை

நானும் ஒரு பெட்டி முள்ளின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டேன். இரண்டு மீன் போனது, ஒத்துக்கொள்கிறேன், இரண்டும் நான் நரம்பைத் தளரவிட்ட நேரம்தான். ஈரமணல், அந்த மிதவையில் எத்தனை கிராம் பளு போட்டீர்கள்?

ஈரமணல்

25 கிராம் கருவாளை, மிதவைக்குக் கீழே ஓடுகிற ஈயம், பிறகு 60 சென்டிமீட்டர் லீடர். முதலில் இரண்டு முள் கட்டிப் போயிருந்தேன், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டதால் இரண்டாவதை அங்கேயே வெட்டிவிட்டேன். அடுத்த வாரம் நீளவீச்சு சொன்ன மாதிரி இரண்டு ராடோடு போகிறேன், தரையில் போடுவதில் கப்பி ரிக்கும் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஓதம் அக்கா, அந்தப் பாறை இடுக்கில் காலையில் ஒரு பழுப்புத் தோல்பை ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், உள்ளங்கை அளவு, தொடவில்லை, படம் மட்டும் எடுத்தேன். மூங்கில் சுறாவின் முட்டைதானா?

ஓதம்

அதேதான். உள்ளே ஒரு பக்கம் கருமையாகத் தெரிகிறது பாருங்கள், கரு வளர்ந்துகொண்டிருக்கிறது. தொடாமல் விட்டதற்கு நன்றி. அங்கே தரையில் ஈயம் போடுவதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி, அந்த முனையில் மிதவையோடு இருந்துவிடுங்கள்.